7 வார நாய்க்குட்டியின் காதுக்குப் பின்னால் உண்ணி, இப்போதே எடுத்துவிடலாமா?

நிலாமுற்றம் | முதல் நாள், இரவு 10.20

யாராவது விழித்திருந்தால் சொல்லுங்கள். வீட்டுக்குக் குட்டி வந்து 4 நாள்தான் ஆகிறது. பெயர் பொட்டு, ஆண், 7 வாரம், நேற்று நிறுத்துப் பார்த்தபோது 1.9 கிலோ இருந்தான். மடியில் போட்டுத் தடவிக்கொண்டிருந்தேன், இடது காதுக்குப் பின்னால் விரலில் ஏதோ இடறியது. மரு என்றுதான் நினைத்தேன். முடியை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் பட்டாணியில் பாதி அளவுக்கு உப்பியபடி ஒன்று, அடியில் தோலை ஒட்டினாற்போல் குட்டிக் குட்டிக் கால்கள் அசைகின்றன. உண்ணிதான், சந்தேகமே இல்லை.

வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எண்ணெய் விட்டால் மூச்சுத் திணறித் தானாக விழுந்துவிடும் என்கிறார் அத்தை. தீக்குச்சியை அணைத்துச் சூட்டோடு வைக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். நான் இன்னும் கை வைக்கவில்லை. டாக்டர் காலை 10 மணிக்குத்தான் வருவார். அதுவரை விடலாமா, நானே எடுக்கலாமா? பிடுங்கினால் தலை உள்ளே மாட்டிக்கொள்ளும் என்கிறார்களே, அதுதான் பயமாக இருக்கிறது.

வாலாட்டி | முதல் நாள், இரவு 10.26

எண்ணெய் வேண்டாம், சூடு வேண்டவே வேண்டாம். விரல் நகத்தாலும் கிள்ளாதீர்கள். வீட்டில் ட்வீசர் இருக்கிறதா என்று பாருங்கள், விவரம் தெரிந்தவர்கள் வருவார்கள்.

மூன்றுநாய்வீடு | முதல் நாள், இரவு 10.41

தங்கச்சி, பதறாதே. காலை வரை காத்திருக்க வேண்டியதில்லை, நீயே எடுத்துவிடலாம். உண்ணி ஒட்டியிருக்கும் நேரம் கூடக் கூடத்தான் ஆபத்தும் கூடும்.

எண்ணெய், மண்ணெண்ணெய், ஸ்பிரிட், நகப்பூச்சு, சூடு எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். உண்ணி உடனே வாயை எடுத்துவிட்டு விழுந்துவிடாது. அது வாயைத் தோலுக்குள் செருகி, சுற்றிலும் சிமென்ட் மாதிரி ஒரு பசையைச் சுரந்து உட்கார்ந்திருக்கும். மேலே எதையாவது ஊற்றினால் அது சாவதற்குள் வயிற்றில் இருப்பதைக் கடித்த இடத்திலேயே கக்கக்கூடும், அதில் கிருமி இருந்தால் நேராகக் குட்டியின் ரத்தத்துக்குள் போகும். அப்புறம் 7 வாரக் குட்டியின் தோல் எவ்வளவு மெல்லியது என்று உனக்கே தெரியும், சூடு வைத்தால் உண்ணிக்கு முன்னால் குட்டிக்குத்தான் புண்ணாகும்.

செய்ய வேண்டியது இதுதான். கையுறை போட்டுக்கொள், இல்லாவிட்டால் சின்னப் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள். முடியை இரண்டு பக்கமும் ஒதுக்கி, கொஞ்சம் தண்ணீர் தொட்டுப் படிய வை. நுனி கூர்மையான ட்வீசரால் உண்ணியின் உப்பிய உடம்பைப் பிடிக்காதே, தோலும் அதன் வாயும் சேரும் இடத்தில், தோலை ஒட்டி எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு தாழப் பிடி. பிறகு நேர் மேலாக, ஒரே சீராக இழு. வெடுக்கென்று பிடுங்காதே. தோல் கூடாரம் மாதிரி மேலே எழும்பும், அப்படியே பிடித்துக்கொண்டிரு, சில நொடிகளில் விட்டுக்கொடுக்கும். உப்பிய உடம்பை நசுக்கினால் எண்ணெய் ஊற்றியதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை, உள்ளே இருப்பது குட்டிக்குள்தான் போகும்.

உண்ணி எடுக்கும் கொக்கி என்று பிளவு வைத்த சின்னக் கரண்டி போல ஒன்று விற்கிறார்கள், அது இருந்தால் அடியில் நுழைத்துச் சுழற்றி எடுக்க வேண்டும். ட்வீசர் என்றால் சுழற்றாமல் நேராக.

எடுத்ததை நசுக்காமல் மூடியுள்ள சின்ன டப்பாவில் போட்டு வை, நாளைக்கு டாக்டரிடம் காட்டலாம்.

நிலாமுற்றம் | முதல் நாள், இரவு 10.50

நன்றி அக்கா. ட்வீசர் இருக்கிறது, ஆனால் புருவம் எடுக்கும் சாய்ந்த நுனி. அது போதுமா? இன்னொன்று, இவன் ஒரு நொடி சும்மா இருப்பதில்லை, காதைத் தொட்டாலே திரும்பிக் கையைக் கவ்வுகிறான்.

இரவுப்பறவை | முதல் நாள், இரவு 10.58

சாய்ந்த நுனி பரவாயில்லை, அந்தக் கூர் முனையால் பிடியுங்கள். தட்டை நுனி என்றால்தான் உடம்பு நசுங்கும்.

குட்டி அசையாமல் இருக்க ஒரு வழி. இந்த வயதுக் குட்டிகள் விளையாடி, சாப்பிட்டு, ஒன்றுக்குப் போனதும் அடித்துப்போட்டாற்போல் தூங்கும். அந்த நேரத்துக்குக் காத்திருங்கள். தூங்கும் குட்டியைத் துண்டில் சுற்றித் தலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி ஒருவர் மார்போடு அணைத்துக்கொள்ளட்டும், இன்னொருவர் டார்ச் பிடிக்கட்டும், நீங்கள் எடுங்கள். மூன்று பேர் வேண்டும். நான் தனியாளாக ஒரு முறை முயன்று, குட்டி திமிறியதில் உண்ணி பாதியில் அறுந்துவிட்டது. பிடிப்பவர் தாடையை லேசாக ஏந்திப் பிடித்தால் போதும், கழுத்தை அழுத்தக் கூடாது.

நிலாமுற்றம் | முதல் நாள், இரவு 11.47

எடுத்துவிட்டோம். கை இன்னும் நடுங்குகிறது.

அத்தைதான் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். எண்ணெய் சொன்னவரே கடைசியில் எனக்கு மூச்சை மெதுவாக விடச் சொல்லித் தைரியம் சொன்னார். அக்கா சொன்ன மாதிரியே தோல் எழும்பியது, மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன், எட்டு வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை, பிறகு சின்னதாக ஒரு சொடுக்கு, வந்துவிட்டது. பொட்டு ஒரு முறை முனகிவிட்டு மறுபடி தூங்கிவிட்டான். நாங்கள் பார்த்து அதிர்ந்தது அதற்கப்புறம்தான். பெரியது இருந்த இடத்துக்கு அடியிலேயே தட்டையாக, பழுப்பு நிறத்தில், எள் மாதிரி இன்னொன்று. அதையும் எடுத்தோம். டப்பாவுக்குள் இரண்டும் நடக்கின்றன.

கடித்த இடத்தில் நடுவில் கரும்புள்ளி ஒன்று தெரிகிறது. தலை உள்ளே மாட்டிவிட்டதா? ஊசியால் எடுக்க வேண்டுமா?

கிளினிக்பக்கம் | முதல் நாள், நள்ளிரவு 12.15

கால்நடை மருத்துவமனையில் 11 வருடம் உதவியாளராக இருந்தவள் நான், டாக்டர் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

ஊசி வேண்டாம். வாய்ப்பகுதி துளி உள்ளே இருந்தாலும் அதிலிருந்து புதிதாக நோய் பரவப்போவதில்லை, சிராய்த்தூள் மாதிரி உடம்பே சில நாளில் வெளியே தள்ளிவிடும். தோண்டினால்தான் சீழ் வைக்கும். பல நேரம் அந்தக் கரும்புள்ளி காய்ந்த ரத்தமாகத்தான் இருக்கும். இடத்தைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, குளோர்ஹெக்சிடைனோ நீர்த்த போவிடோன் அயோடினோ ஒரு பொட்டுத் தொட்டு வையுங்கள், நக்காமல் காயும் வரை பார்த்துக்கொள்ளுங்கள். சின்னத் தடிப்பு ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம்கூட இருக்கும், அது சகஜம். பெரிதானாலோ, சூடாக இருந்தாலோ, கசிந்தாலோ காட்ட வேண்டும்.

அடியில் இருந்த தட்டையானது பெரும்பாலும் ஆண் உண்ணி. ஆண் உப்பாது, பெண் இருக்கும் இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆக இரண்டோடு முடிந்தது என்று எண்ணாதீர்கள். இரண்டு காதுகளின் உள்மடிப்பு, கால் விரல்களின் இடுக்கு, பாதத் திண்டுகளுக்கு நடுவே, அக்குள், தொடை இடுக்கு, வாலடி, கழுத்துப்பட்டைக்குக் கீழே, இமை ஓரம், உதட்டு மடிப்பு, எல்லாவற்றையும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கண்ணைவிட விரல் நன்றாகக் கண்டுபிடிக்கும். ஒரு எச்சரிக்கை: வயிற்றில் இரண்டு வரிசையாகச் சின்னச் சின்ன மொட்டுகள் இருக்கும், ஆண் குட்டிக்கும் முலைக்காம்பு உண்டு. அதை உண்ணி என்று நினைத்து ட்வீசரால் இழுத்து ரத்தம் வர வைத்து அழுதுகொண்டே வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கால் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கை வையுங்கள்.

இன்றிரவே ஈறின் நிறத்தையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மேலுதட்டைத் தூக்கி, பல்லுக்கு மேலே ஈறை விரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்த இடம் 2 நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். அவனுக்கு இயல்பு என்ன என்று இன்று தெரிந்தால்தான் மாற்றம் வரும்போது கண்ணில் படும். குட்டிகளுக்கு மொத்த ரத்தமே கிலோவுக்கு 80 முதல் 90 மில்லிதான், 1.9 கிலோ என்றால் ஒரு டம்ளர்கூட நிறையாது. பெரிய நாயைப் பத்து உண்ணி கடித்தால் அரிப்பு, இந்த அளவுக் குட்டியைப் பத்து கடித்தால் ரத்தசோகை.

நிலாமுற்றம் | இரண்டாம் நாள், காலை 6.30

இரவே தடவிப் பார்த்தோம். வலது முன்னங்காலில் இரண்டு விரல்களுக்கு நடுவே ஒன்று, அக்குளில் ஒன்று. ஆக மொத்தம் நான்கு. கொண்டுவந்த இடத்தில் தாய் நாய் உடம்பிலும் இருந்திருக்க வேண்டும், நாங்கள் கவனிக்கவே இல்லை. ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறது, அழுத்திவிட்டால் உடனே நிறம் வருகிறது.

மேட்டுநிலம் | இரண்டாம் நாள், காலை 8.05

மாடுகளுக்கு அடிக்கும் உண்ணி மருந்து கொஞ்சம் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டிவிடுங்கள், ஒரே நாளில் எல்லாம் போய்விடும். எங்கள் நாய்க்கு வருடக்கணக்கில் அப்படித்தான் செய்கிறோம், ஒன்றும் ஆனதில்லை.

கிளினிக்பக்கம் | இரண்டாம் நாள், காலை 8.40

தம்பி, உங்கள் நாய் வளர்ந்த நாய், இது 7 வாரக் குட்டி. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். கால்நடைக்கான மருந்துகளில் அமிட்ராஸ், டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்றவை இருக்கும். அமிட்ராஸை 4 மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குட்டிக்குப் போடக்கூடாது. மருந்து கூடிப்போனால் குட்டி குழைந்துபோகும், இதயத் துடிப்பு இறங்கும், உடம்பு சில்லிடும். ஒரு மூடி, இரண்டு மூடி என்று கண்ணளவில் கலக்கிறார்கள், குட்டியோ ஈர உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும். நான் வேலை பார்த்தபோது ஒரே பிரசவத்தின் 5 குட்டிகளை அப்படிக் குளிப்பாட்டி ஒரு கூடையில் கொண்டுவந்தார்கள். 2 பிழைத்தன. அந்தக் கூடையில் போட்டிருந்த துண்டின் மருந்து வாடை இன்றும் மூக்கில் இருக்கிறது.

மேட்டுநிலம் | இரண்டாம் நாள், காலை 9.10

எனக்குத் தெரியாது அக்கா. என் பதிவைப் பார்த்து யாரும் செய்துவிட வேண்டாம். எங்கள் நாய்க்கும் இனிமேல் டாக்டரைக் கேட்டே போடுகிறேன்.

பழையகம்பளம் | இரண்டாம் நாள், காலை 9.32

அப்படியானால் இந்த வயதுக்கு என்னதான் போடலாம்? என் குட்டிக்கும் 9 வாரம்தான்.

மூன்றுநாய்வீடு | இரண்டாம் நாள், காலை 10.15

வயது, எடை, இந்த இரண்டும் தெரியாமல் எந்த மருந்தையும் கையில் எடுக்கக் கூடாது. ஒரே மருந்துக்கு ஒவ்வொரு நாட்டிலும் அனுமதி வேறு. ஃபிப்ரோனில் ஸ்பிரேயை எடுத்துக்கொள், ஐரோப்பிய நாடுகளில் பிறந்து 2 நாள் ஆன குட்டிக்கே அனுமதி, அமெரிக்காவில் 8 வாரம் ஆகியிருக்க வேண்டும். மாத்திரைகளில் அஃபாக்ஸோலனர் 8 வாரத்துக்கு மேல், ஏறத்தாழ 2 கிலோவுக்கு மேல். ஃப்ளூராலனரின் 3 மாத மெல்லும் மாத்திரை அமெரிக்க லேபிளில் 6 மாதத்துக்கு மேல், ஐரோப்பாவில் 8 வாரம். அதனால் உன் கையில் இருக்கும் டப்பாவில் என்ன அச்சடித்திருக்கிறதோ அதுதான் கணக்கு. இந்த மாத்திரை வகை முழுவதற்கும் சில நாய்களுக்கு வலிப்பு வரலாம் என்று 2018-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது, ஆகவே குட்டிக்கோ அதன் தாய்க்கோ வலிப்பு வந்திருந்தால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்ல வேண்டும்.

பெரிய நாயின் மாத்திரையை உடைத்துப் பாதி கொடுப்பது, பெரிய நாயின் சொட்டு மருந்தைப் பிரித்து விடுவது இரண்டும் கூடாது. வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் சேர்ந்த எதையும் நாய்க்குப் போடாதே, பூனைக்கு அது விஷம். டீ ட்ரீ எண்ணெய், பூண்டு, இதெல்லாம் இயற்கை என்று போடுகிறார்கள், இரண்டும் நாய்க்கு ஆகாது.

எதுவுமே போட முடியாத வயது என்றால் ட்வீசர், தெள்ளு சீப்பு, காலையும் இரவும் தடவிப் பார்ப்பது, அவ்வளவுதான். குளிப்பாட்டினால் உடனே முழுக்கக் காய வை, இந்த வயதில் உடம்பு சட்டென்று சில்லிட்டுவிடும்.

நிலாமுற்றம் | இரண்டாம் நாள், பிற்பகல் 1.20

டாக்டரிடம் போய்விட்டு வந்தோம். 1.9 கிலோ, 7 வாரம் என்பதால் மாத்திரை இல்லை, அவரே அளவு பார்த்து ஃபிப்ரோனில் ஸ்பிரே அடித்துவிட்டார். ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று கேட்டதற்கு இன்று வேண்டாம் என்றார். எதற்கும் டாக்சிசைக்ளின் ஆரம்பித்துவிடலாமா என்றும் கேட்டேன், அதுவும் வேண்டாம் என்றார். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. சும்மா காத்திருப்பது சரியா?

கிளினிக்பக்கம் | இரண்டாம் நாள், பிற்பகல் 2.05

சரிதான். கடித்த மறுநாள் எடுக்கும் ரத்தத்தில் ஒன்றும் தெரியாது. எதிர்ப்பொருளைப் பார்க்கும் துரிதப் பரிசோதனைக்கு உடம்பு அந்த எதிர்ப்பொருளைத் தயாரிக்க 2, 3 வாரம் வேண்டும். இன்று வரும் ‘இல்லை’ என்ற பதில் உங்களைத் தவறாக நிம்மதிப்படுத்தும். எல்லா உண்ணியும் நோயைச் சுமப்பதில்லை, நோய் இல்லாத 7 வாரக் குட்டிக்கு வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுப்பதில் நன்மையும் இல்லை. அதுவும் டாக்சிசைக்ளின் பபீசியா என்ற உண்ணி நோய்க்குப் போதவே போதாது.

ஆனால் சும்மா காத்திருப்பது என்று நினைக்காதீர்கள். நாய் உண்ணிகளில் வீட்டுக்குள் அதிகம் பார்ப்பது பழுப்பு நாய் உண்ணி, ரிப்பிசெஃபாலஸ். அது முக்கியமாக இரண்டைக் கொண்டுவரும். ஒன்று எர்லிக்கியா, பாக்டீரியா, வெள்ளை அணுக்களுக்குள் புகுந்து, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைக்கும். 1960-களின் கடைசியில் வியட்நாமில் அமெரிக்க ராணுவத்தின் நாய்கள் நூற்றுக்கணக்கில் மூக்கில் ரத்தம் வடிந்து செத்தது இதனால்தான். கடித்து 1 முதல் 3 வாரத்தில் காய்ச்சல், சோர்வு, பசியின்மை. மற்றது பபீசியா, சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கும் ஒட்டுண்ணி, அதற்கும் ஏறக்குறைய அதே கால அளவு. எர்லிக்கியா உண்ணி ஒட்டிய சில மணி நேரத்திலேயே பரவத் தொடங்கும், பபீசியாவுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் ஆகும். உங்கள் பெண் உண்ணி உப்பியிருந்தது என்றால் நாள்கணக்கில் ஒட்டியிருந்தது என்று பொருள், அதனால்தான் சொல்கிறேன்.

ஒரு நோட்டில் கடித்த தேதி எழுதுங்கள். தினமும் காலையில் ஈறு நிறம், சாப்பாடு, சிறுநீர் நிறம், இரண்டு நாளுக்கு ஒரு முறை எடை. குட்டி மந்தமாக இருந்தால் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். நாய்க்கு 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் இயல்பு, மனிதக் கணக்கில் பார்த்துப் பயப்பட வேண்டாம். 39.5 தாண்டினால் போன் செய்யுங்கள். 3 வாரம் இப்படி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அரிதுதான். உலகின் சில பகுதிகளில் உண்ணியின் எச்சிலே நரம்பைச் செயலிழக்கச் செய்யும், ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் இது பெரிய பிரச்சினை. பின்னங்கால் தள்ளாடினாலோ, குரைக்கும் குரல் மாறினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ அது காத்திருக்கும் விஷயமே இல்லை, அந்த நிமிடமே கிளம்ப வேண்டும்.

ஒற்றைச்செருப்பு | இரண்டாம் நாள், இரவு 9.30

இதை எழுத வேண்டாம் என்று நினைத்துத்தான் நேற்றிலிருந்து படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

எங்கள் குட்டிக்கு அப்போது 10 வாரம். கால் விரலில் இரண்டு உண்ணி இருந்தது, எடுத்துப் போட்டுவிட்டு மறந்துவிட்டோம். 12 நாள் கழித்துக் கொஞ்சம் தூங்கிக்கொண்டே இருந்தாள், முந்தின நாள் தடுப்பூசி போட்டிருந்ததால் அதன் அசதி என்று விட்டோம். மறுநாள் வராந்தாவில் ஒன்றுக்குப் போன இடம் காப்பி நிறத்தில் இருந்தது. நான்தான் துடைத்தேன். துணியைப் பிழிந்தபோது பழுப்பாக வந்தது, தரையில் இருந்த அழுக்கு என்று நினைத்துக்கொண்டு பினாயில் போட்டு இன்னொரு முறை துடைத்தேன். அன்று மாலை உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு காகிதம் மாதிரி வெள்ளை. டாக்டரிடம் போகும்போதே மூச்சு வாங்கியது. ரத்தம் ஏற்ற ஏற்பாடு செய்துகொண்டிருக்கும்போதே போய்விட்டாள். பபீசியா.

பயமுறுத்துவதற்காக இல்லை. அந்தத் துணியை நான் இன்னொரு முறை பார்த்திருந்தால் ஒரு நாள் கிடைத்திருக்கும். கிளினிக்பக்கம் சொன்ன சிறுநீர் நிறத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெள்ளைத் துணியோ காகிதமோ விரித்துப் போக விடுங்கள், நிறம் தெரியும்.

நிலாமுற்றம் | இரண்டாம் நாள், இரவு 9.52

என்ன சொல்வதென்று தெரியவில்லை. எழுதியதற்கு நன்றி. இப்போதே காகிதம் விரித்துவிட்டேன்.

வாலாட்டி | மூன்றாம் நாள், காலை 7.15

குட்டியைப் பார்த்தாயிற்று, வீட்டை? உண்ணியின் வாழ்நாளில் பெரும்பகுதி நாயின் மேல் இல்லை, சுவர் இடுக்கில்தான். பழுப்பு நாய் உண்ணி முட்டையிலிருந்து 6 காலோடு வரும், கடிக்கும், இறங்கும், தோல் உரிக்கும், 8 காலோடு மறுபடி ஏறும், கடிக்கும், இறங்கும், இன்னொரு முறை உரிக்கும், பெரிதாகி மறுபடி ஏறும். மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்குகிறது. ரத்தம் குடித்து முடித்த பெண் இறங்கிப் போய் ஏதாவது விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டை இட்டுவிட்டுச் செத்துவிடும், 4000 வரைகூடப் போகும். பசியோடு மாதக்கணக்கில் இருக்கும். எல்லா வகை உண்ணிக்கும் புல்வெளி, காடு வேண்டும் என்பதில்லை, இந்த ஒரு வகை வீட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக வாழும்.

இந்த உண்ணிக்கு உயரமான இடத்துக்கு ஏறும் குணம் உண்டு. தரையைப் பெருக்கிவிட்டால் போதாது. நிலைச் சட்டம், திரைச்சீலையின் மேல் மடிப்பு, சுவர்ப் பலகை இடுக்கு, கட்டில் கால் பொருத்து, குட்டி தூங்கும் மூலையின் பின்சுவர், இங்கெல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். வாக்குவம் கிளீனரின் குறுகிய மூக்கை இடுக்கில் விட்டு உறிஞ்சுங்கள், பையை உடனே கட்டி வெளியே எறியுங்கள். படுக்கைத் துணியைச் சுடுதண்ணீரில் துவையுங்கள். குளிர்ந்த தண்ணீரில் அலசினால் உண்ணி சாகாது, நன்றாக நனைந்தபடி பிழைத்திருக்கும். உலர்த்தும் எந்திரம் இருந்தால் துவைக்கும் முன்பே துணியை அதிகச் சூட்டில் 10 நிமிடம் ஓட விடுங்கள்.

ஒரு முறை செய்து முடித்துவிட்டேன் என்று விடாதீர்கள். முட்டை இருந்தால் அது பொரிய ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும், அதனால் வாரம் இரண்டு முறை வீதம் இரண்டு மாதமாவது செய்ய வேண்டும். பூச்சிமருந்து ஆள் வந்தால் குட்டி வீட்டில் இருக்கக் கூடாது, காய்ந்த பிறகுதான் உள்ளே விட வேண்டும்.

பழையகம்பளம் | மூன்றாம் நாள், காலை 8.00

குழந்தை இருக்கும் வீடு எங்களுடையது. குட்டியிடமிருந்து குழந்தைக்கு வருமா?

கிளினிக்பக்கம் | மூன்றாம் நாள், காலை 8.25

குட்டி நக்கினால், கட்டிப்பிடித்தால் இந்த நோய்கள் வராது. ஆனால் அதே உண்ணி மனிதரையும் சில சமயம் கடிக்கும், சில இடங்களில் புள்ளிக் காய்ச்சல் போன்றவற்றைக் கொண்டுவரும். அதனால் குழந்தையின் தலைமுடி, காதுக்குப் பின்பக்கம், இடுப்பு மடிப்பைக் குளிப்பாட்டும்போது பாருங்கள். எடுத்த உண்ணியை நகத்தால் நசுக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். ஸ்பிரிட்டிலோ சோப்புத் தண்ணீரிலோ போட்டால் செத்துவிடும்.

நிலாமுற்றம் | பன்னிரண்டாம் நாள், காலை 7.40

பத்து நாளாக எழுதவில்லை, எல்லாம் சரியாகவே போய்க்கொண்டிருந்தது. எடை 2.4 கிலோ ஆகியிருந்தது. நேற்று இரவுச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டான். இன்று காலை கதவுச் சத்தத்துக்கு எழுந்து வரவில்லை, அங்கிருந்தே வாலை மட்டும் ஆட்டினான். ஈறு வெளுத்திருக்கிற மாதிரி தோன்றுகிறது, மாதிரிதான், நிச்சயமில்லை. முதல் நாள் எடுத்த போட்டோவை வைத்து ஒப்பிட்டேன், வித்தியாசம் இருக்கிறது. காய்ச்சல் 39.8. சிறுநீர் மஞ்சள்தான், கொஞ்சம் அடர்த்தி. டாக்டர் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது.

ஒற்றைச்செருப்பு | பன்னிரண்டாம் நாள், காலை 7.43

இரண்டு மணி நேரம் காத்திருக்காதீர்கள். அவசர சிகிச்சை இருக்கும் இடத்துக்கு இப்போதே போங்கள். கடித்த தேதி எழுதிய நோட்டையும் உண்ணி டப்பாவையும் எடுத்துப் போங்கள்.

கிளினிக்பக்கம் | பன்னிரண்டாம் நாள், காலை 7.50

ஆமாம், கிளம்புங்கள். காதோர ரத்தத்தில் ஸ்மியர், அதாவது ஒரு துளியைக் கண்ணாடியில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள், நுனி ரத்தத்தில் பபீசியா எளிதாகக் கண்ணில் படும். கூடவே முழு ரத்த எண்ணிக்கை. காய்ச்சலுக்கு வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் எதையும் கொடுத்துவிடாதீர்கள்.

நிலாமுற்றம் | பன்னிரண்டாம் நாள், பிற்பகல் 3.10

பபீசியா. மைக்ரோஸ்கோப்பில் எனக்கும் காட்டினார்கள், சிவப்பணுவுக்குள் இரண்டு இரண்டாகப் பேரிக்காய் வடிவில் இருந்தது. இது பெரிய வகை, இமிடோகார்ப் கேட்கும், சின்ன வகையாக இருந்தால் அட்டோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார் அந்த டாக்டர். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 21 சதவீதம், ரத்தம் ஏற்றும் அளவுக்கு இன்னும் போகவில்லை. ஒரு நாள் தள்ளியிருந்தால் அதுவும் வேண்டியிருந்திருக்கும் என்றார்கள். பக்கவிளைவைக் குறைக்க அட்ரோபின் போட்டுவிட்டு இமிடோகார்ப் ஊசி போட்டார்கள், அப்படியும் அரை மணி நேரம் எச்சில் ஒழுக்கிக்கொண்டே இருந்தான், என் கை முழுவதும் ஈரம். 14 நாள் கழித்து இரண்டாவது ஊசி. இன்றிரவு அங்கேயே வைத்துப் பார்க்கிறார்கள்.

ஒற்றைச்செருப்பு அண்ணா, உங்கள் பதிவு இல்லாவிட்டால் நானும் அசதி என்றுதான் விட்டிருப்பேன்.

ஒற்றைச்செருப்பு | பன்னிரண்டாம் நாள், பிற்பகல் 3.30

அவன் வீட்டுக்கு வந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

நிலாமுற்றம் | பதினான்காம் நாள், மாலை 6.00

வந்துவிட்டான். நேற்றே காய்ச்சல் இறங்கிவிட்டது. இன்று தட்டைக் காலி செய்துவிட்டுக் கவிழ்த்தும் போட்டான். ஈறு இன்னும் முழுக்கச் சிவக்கவில்லை, அதற்குச் சில வாரம் ஆகும் என்றார்கள். எர்லிக்கியாவும் சேர்ந்து இருக்கிறதா என்று இரண்டாவது ஊசியின்போது பரிசோதிக்கப் போகிறார்கள், ஒரே உண்ணி இரண்டையும் கொடுக்கலாமாம்.

மூன்றுநாய்வீடு | பதினான்காம் நாள், மாலை 6.20

கண் கலங்கிவிட்டது தங்கச்சி. இன்னும் சில வாரம் அவனை ஓடவிடாதே, ரத்தம் குறைவாக இருக்கும்போது அதிகம் ஓடினால் மூச்சு வாங்கும். வீட்டுச் சுவரையும் மறக்காதே.

நிலாமுற்றம் | இருபத்தேழாம் நாள், இரவு 8.45

இரண்டாவது ஊசி நேற்று முடிந்தது. சிவப்பணு அளவு 31, எர்லிக்கியா இல்லை. எடை 3.2 கிலோ, வயதும் 8 வாரம் தாண்டியதால் மாத மாத்திரை ஆரம்பித்துவிட்டோம். ஜன்னல் திரையின் மேல் மடிப்பில் நேற்று இன்னும் ஒன்று கிடைத்தது, தட்டையாக, பசியோடு, ஸ்பிரிட் டப்பாவுக்குள் போட்டாயிற்று. அதனால் வாக்குவம் வேலை நிற்கவில்லை. பொட்டு இப்போது என் காலடியில் செருப்பின் வாரைக் கடித்துக்கொண்டிருக்கிறான்.

ஒற்றைச்செருப்பு | இருபத்தேழாம் நாள், இரவு 8.49

கடிக்கட்டும்.